பிடித்தால் போதுமா? நிரல்மொழிகளில் விதிவிலக்குக் கையாளுதலின் வளர்ச்சி

முன்னுரை

திறக்க வேண்டிய கோப்பு இல்லாமல் போகலாம்; இணைப்பு பாதியில் அறுந்துவிடலாம்; வகுக்கும் எண் பூச்சியமாக இருக்கலாம். இத்தகைய விதிவிலக்கான நிலைகளை நிரல் எப்படி எதிர்கொள்வது? நிரல்மொழிகள் பல பத்தாண்டுகளாக இதற்கு விடை தேடுகின்றன. பிழையைக் கண்டறிவதைவிட, அதற்கு யார் பொறுப்பேற்பது என்பதே இத்தேடலின் மையம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொடக்க முயற்சிகள்

1960களின் நடுவில் ஐ.பி.எம். உருவாக்கிய பி.எல்./ஒன் மொழியில் 'ஆன்' கூற்று இடம்பெற்றது. பூச்சியத்தால் வகுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதை அதில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஆனால், எந்த ஏற்பாடு எப்போது நடப்பில் இருக்கிறது என்பதை நிரலை வாசித்து அறிவது கடினமாக இருந்தது. சி மொழியில் வழக்கமான முறை வேறு: செயற்கூறு −1 போன்ற மதிப்பைத் திருப்பித் தரும். அழைத்தவர் அதைச் சோதிக்க மறந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் நிரல் தொடர்ந்து ஓடும்.

கணினியியலாளர் ஜான் குடினஃப் 1975இல் எழுதிய கட்டுரை இச்சிக்கலுக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தது. செயற்கூறு தான் கண்ட நிலையைத் தன்னை அழைத்தவருக்குத் தெரிவிக்கும் வழியே விதிவிலக்கு என்றார் அவர்.

தொடர்வதா, முடிப்பதா?

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மெசா மொழி, பிழையைச் சரிசெய்தபின் விட்ட இடத்திலிருந்தே தொடர இடமளித்தது. எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்காவ் குழு வடிவமைத்த சி.எல்.யு. மொழியோ, விதிவிலக்கை எழுப்பிய செயற்கூறு அத்துடன் முடிந்துவிட வேண்டும் என்றது. பின்னாளில் ஏடா, சி++, ஜாவா மூன்றும் இரண்டாம் வழியையே ஏற்றன.

1990களில் வந்த ஜாவா இன்னொரு படி சென்றது. குறிப்பிட்ட வகை விதிவிலக்குகளைப் பிடிக்க வேண்டும், அல்லது மேலே அனுப்புவதாக அறிவிக்க வேண்டும். இல்லையேல் நிரல் தொகுக்கப்படாது. ஆனால், கட்டாயம் பொறுப்புணர்வைத் தந்துவிடவில்லை. தொகுப்பியின் வாயை அடைக்க 'கேட்ச்' என்று எழுதி, அடைப்புக்குறிகளுக்குள் எதுவுமே எழுதாமல் விடும் பழக்கம் பரவியது. பிழை பிடிபட்ட அந்த இடத்திலேயே புதைக்கப்பட்டது.

ஏரியான் 5: ஒரு சான்று

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 37 வினாடிகளில், கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட் மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளளவை மீறியது. அத்தகைய ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு இருந்தது. விதிவிலக்கு எழுந்ததும் அந்த மாற்றத்தைச் செய்த வழிகாட்டல் கணினியை நிறுத்திவிட வேண்டும் என்பதே வகுக்கப்பட்ட விதி. அதே நிரல் ஓடிய மாற்றுக் கணினி, 72 மில்லிவினாடிச் சுழற்சி ஒன்றுக்கு முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது. நின்ற கணினியிடமிருந்து வந்த பிழைக் குறிப்பைப் பறப்புத் தரவாகக் கொண்ட ராக்கெட்டின் முதன்மைக் கணினி அதைத் திசைதிருப்ப, ராக்கெட் சிதறியது. இங்கே விதிவிலக்கு கண்டறியப்பட்டது. அதற்கான பதில்தான் தவறாக இருந்தது. பிழை என்றால் வன்பொருள் கோளாறுதான் என்று வடிவமைப்பாளர்கள் கருதியிருந்தார்கள்.

இத்தகைய தவறு ஏரியானோடு நின்றுவிடவில்லை. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் கசாண்ட்ரா, ஹெச்பேஸ் உள்ளிட்ட ஐந்து பரவல் அமைப்புகளின் 198 செயலிழப்புகளை ஆராய்ந்தார்கள். பேரழிவானவற்றுள் 92 விழுக்காடு, நிரல் வெளிப்படையாக அறிவித்த பிழைகளைத் தவறாகக் கையாண்டதால் நேர்ந்தவை. அவற்றுள் வெற்றுப் பிடிப்புகளும் இருந்தன. 'பிறகு எழுத வேண்டும்' என்ற குறிப்போடு நின்றுபோன இடங்களும் இருந்தன.

முடிவுரை

நல்ல நடைமுறையை இவ்வரலாறே வகுத்துத் தருகிறது. ஏதேனும் செய்ய முடிகிற இடத்தில் மட்டும் விதிவிலக்கைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வலையில் வாராமல், எதிர்பார்க்கும் வகையைக் குறிப்பிட வேண்டும். மேலே அனுப்பும்போது மூலக் காரணத்தை இழக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை வரும்போது மட்டுமே ஓடும் அந்த வரிகளையும் வேண்டுமென்றே பிழையை எழுப்பி ஓட்டிப் பார்க்க வேண்டும். அவை முதன்முறையாக ஓடுவது விபத்தின் நடுவில் என்று ஆகிவிடக் கூடாது.