புல்லட் நிழலில் ஒரு யெஸ்டி

பழைய பைக் என்றதும் உங்களுக்கு புல்லட்தானே ஞாபகம் வருகிறது? பாவம், யெஸ்டி!

1961-ல் மைசூரில் ‘ஜாவா’வாக ஆரம்பித்து, பிற்பாடு பெயர் மாறிய வண்டி. சிலிண்டர் ஒன்று, புகைக்குழாய் இரண்டு! உதைத்து ஸ்டார்ட் செய்கிற லீவரேதான் கியர் லீவரும் (என்ன சிக்கனம்!).

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் யெஸ்டியில் ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜின், வால்வு கிடையாது. நடுவழியில் மக்கர் பண்ணினால், பல சமயம் பிளக்கைக் கழற்றித் துடைத்தாலே போதும், கிளம்பிவிடும். மெக்கானிக்கைத் தேடாமல் ஊர் ஊராகச் சுற்றும் தைரியம் இருக்கிறதே, அதுதான் சுகம்!

1996-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். உதிரி பாகங்களுக்காக அலைந்து திரிந்து ஓட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2022-ல் யெஸ்டி என்ற பெயர் திரும்பி வந்தது. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக். உதைக்கவே வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதும்!