அடுப்பும் அட்டவணையும்: இந்தியாவின் ‘உயிரி எரிபொருளும் கழிவும்’ கணக்கு, ஜீவனஹள்ளியிலிருந்து

1. ஒரு பத்தி, பல பொருள்கள்

சர்வதேச எரிசக்தி முகமையின் அட்டவணைகளில் ‘உயிரி எரிபொருளும் கழிவும்’ என்று ஒரு பத்தி உண்டு. விறகு, கரி, வரட்டி, கரும்புச் சக்கை, சாண எரிவாயு, பெட்ரோலில் கலக்கும் எத்தனால், மின்சாரத்துக்காக எரிக்கும் நகரக் குப்பை எல்லாம் அதில் அடக்கம். 1971இல் இந்தியாவின் முதன்மை எரிசக்தியில் பாதிக்கும் மேல் இந்தப் பத்தியில்தான் இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நாடு புகையடுப்பை விட்டு நவீன எரிபொருளுக்கு நகர்ந்துவிட்டதன் சான்றாகவே இந்தச் சரிவு வழக்கமாக வாசிக்கப்படுகிறது.

அந்த வாசிப்பு பாதிதான் சரி. பங்கு சுருங்கியதே தவிர, எரிக்கப்படும் மொத்த அளவு 1990ஐவிட இன்று கூடுதல். நிலக்கரியும் எண்ணெயும் அதைவிட வேகமாக வளர்ந்தன. அதைவிட முக்கியமான குறை வேறு. பஞ்சத்தால் எரிப்பது, கொள்கையால் எரிப்பது, கழிவென்று எரிப்பது ஆகிய மூன்றையும் இந்தப் பத்தி ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. கூட்டுவதற்குக் கையாளும் அலகோ, எவ்வளவு வெப்பம் எரிந்தது என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சொல்வதில்லை. இரண்டையும் பிரிக்காமல் இந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்திலிருந்து மக்களின் வாழ்நிலையைப் படிக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. அடுப்பின் கணக்கு

ஜீவனஹள்ளி, பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்துக்கும் காக்ஸ் டவுனுக்கும் பக்கத்தில், தமிழும் கன்னடமும் உருதும் கலந்து புழங்கும் பகுதி. நகரம் விழுங்கிய கிராமம் என்பதை ‘ஹள்ளி’ என்ற ஈறே சொல்கிறது. இப்படிப்பட்ட பகுதிகளின் மூத்த தலைமுறை, ‘சௌதே டிப்போ’ விறகு, மண்ணெண்ணெய், கேஸ் என்ற மூன்றையும் ஒரே ஆயுளில் பார்த்தது. எனவே இவற்றில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காற்றில் உலர்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 16 மெகாஜூல் வெப்பம் உண்டு. பழைய அடுப்பில் அதில் 10 சதவீதமே பாத்திரத்தில் ஏறுவதாகக் கொள்வோம். ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் சுமார் 46 மெகாஜூல். அதில் 60 சதவீதம் பயன்படுகிறது. அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலுக்கு ஏறத்தாழ 245 கிலோ விறகு வேண்டும். சோறும் குழம்பும் அதேதான். ஆனால் விறகிலிருந்து கேஸுக்கு மாறிய நாள்முதல், அட்டவணையின்படி அந்தக் குடும்பத்தின் சமையல் எரிசக்தி ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது! அவர்கள் குறைவாகச் சமைக்கவில்லை. குறைவாக வீணாக்குகிறார்கள், அவ்வளவே. இதைத் திருப்பிப் பார்த்தால், 1971இன் அந்தப் பெரிய பங்கு நாடு நுகர்ந்த வளத்தைக் காட்டுவதைவிட, புகையாகவும் சாம்பலாகவும் போன இழப்பையே அதிகம் காட்டுகிறது.

இதை இந்தியத் திட்டமிடுவோர் அறியாமல் இல்லை. 1965இன் இந்திய எரிசக்தி ஆய்வுக் குழுவும் 1974இன் எரிபொருள் கொள்கைக் குழுவும் ‘நிலக்கரி மாற்றீடு’ என்றொரு அலகைக் கையாண்டன. ஓர் எரிபொருளில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதல்ல, அது செய்யும் வேலையைச் செய்ய எவ்வளவு நிலக்கரி வேண்டும் என்பதே அந்த அலகின் கேள்வி. அதன்படி ஒரு டன் விறகு 0.95 டன் நிலக்கரிக்கு ஈடு. ஒரு டன் வரட்டி 0.40, ஒரு டன் சமையல் எரிவாயு 8.3. வெப்ப அளவில் விறகைப்போல் மூன்று மடங்கே உள்ள எரிவாயு, வேலை அளவில் எட்டரை மடங்கைத் தாண்டுகிறது. மேலே நான் போட்ட கணக்கைவிட இது அடக்கமானது. ஆனாலும் இடைவெளி மூன்று மடங்கு. உலக ஒப்பீட்டுக்காக வெப்ப அலகு நிலைபெற்றபோது இந்தக் கேள்வியும் வழக்கொழிந்தது.

3. படிநிலையும் விறகும்

1974இல் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டியின் முயற்சியில் தொடங்கிய ‘அஸ்த்ரா’ குழு இந்தக் கேள்வியை வேறு வழியில் எடுத்துச் சென்றது. துமகூரு மாவட்டத்துப் புரா முதலிய கிராமங்களில் அவர்கள் வீடுவீடாகக் கணக்கெடுத்தபோது, எரிசக்தியில் மிகப் பெரும்பங்கு விறகு என்பதும், அதில் பெரும்பகுதி சமையலுக்கே போகிறது என்பதும் தெரிந்தன. பின்னர் புராவில் சமுதாயச் சாண எரிவாயுக் கலன் அமைந்தது. எல்லா வீட்டு அடுப்புக்கும் அந்த வாயு போதவில்லை. ஆகவே 1987 முதல் அதைக் கொண்டு எஞ்சின் ஓட்டி, விளக்குக்கு மின்சாரமும் குழாயில் குடிநீரும் தந்தார்கள். சமையலுக்குப் பற்றாத அதே சாணம், தண்ணீர்க் குடத்தைச் சுமப்பதிலிருந்து பெண்களை விடுவித்தது. வெப்ப அலகில் இந்த வேறுபாடு தடமே விடாது.

நகரத்துக்கு வந்தால், அமுல்யா ரெட்டியும் சுதாகர ரெட்டியும் 1983இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளியிட்ட பெங்களூரு விறகு ஆய்வு, எரிபொருளை வருமானப் படிநிலையோடு சேர்த்துப் பார்த்தது. அன்றாடம் கூலி வாங்குகிறவர் அன்றாடம் இரண்டு கட்டு விறகு வாங்கலாம். கேஸுக்கோ முன்பணமும் அடுப்பும் முகவரிச் சான்றும் வேண்டும். பயன்பாட்டுக் கணக்கில் விறகுதான் விலை கூடியதென்றாலும் ஏழையின் கைக்கு எட்டுவது அதுவே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் 49 சதவீதக் குடும்பங்களுக்கு விறகே முதன்மைச் சமையல் எரிபொருள், 28.5 சதவீதத்துக்கு எரிவாயு. 2016இல் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் வந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தூய எரிபொருள் பயன்படுத்தும் குடும்பங்கள் 58.6 சதவீதம். ஆனால் இரண்டு கணக்கெடுப்பும் ‘முதன்மை’ எரிபொருளையே கேட்கின்றன. சிலிண்டர் தீர்ந்த வாரத்தில் எரியும் சுள்ளியும், குளிக்கும் வெந்நீருக்கு அண்டாவின்கீழ் எரியும் தென்னை மட்டையும் அட்டைப் பெட்டியும் அந்தக் கேள்விக்குள் வருவதில்லை. மறுபுறம், விடியுமுன் பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டேக்கு வண்டி கட்டிப்போய்ச் சாப்பிடுகிற விறகடுப்புப் பிரியாணியும் இதே பத்தியில்தான். இல்லாமையின் விறகுக்கும் ருசியின் விறகுக்கும் அட்டவணை ஒரே நிறம் பூசுகிறது.

4. குப்பையின் தலைகீழ்க் கணக்கு

‘கழிவு’ என்ற பாதியில் கோணல் இன்னும் கூர்மையானது. நகரக் கழிவு எரிசக்திக்காக எரிக்கப்பட்டால் மட்டுமே இந்தப் பத்தியில் ஏறும். 2012இல் மாவள்ளிப்புரா குப்பைக் கிடங்கு மூடியதும் பெங்களூருவில் குப்பை நெருக்கடி முற்றியது; மண்டூர் கிடங்கும் 2014இல் மூடப்பட்டது. வீட்டிலேயே தரம்பிரிக்கும்படி உயர்நீதிமன்றம் வலியுறுத்தியது அந்த நெருக்கடியின் விளைவு. பிடதியில் கர்நாடக மின் கழகமும் மாநகராட்சியும் சேர்ந்து நாளொன்றுக்கு 600 டன் குப்பையில் 11.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையத்தை அமைத்தன. முழுத்திறனில் ஓடினாலும் ஒரு டன்னுக்குச் சுமார் 460 யூனிட்.

ஜீவனஹள்ளி வீடுகளின் பச்சைத் தொட்டியில் விழும் காய்கறித் தோலும் மீந்த சோறும் பெரும்பாலும் நீர். அதை எரித்தால் முதலில் அந்த நீரைக் கொதிக்க வைக்கத்தான் வெப்பம் செலவாகும். மாறாக, ஒரு டன் ஈரக் கழிவைக் கலனில் புளிக்க விட்டால் சுமார் 70 கன மீட்டர் எரிவாயு கிடைப்பதாகக் கொள்ளலாம். அது ஏறக்குறைய இரண்டு சிலிண்டருக்குச் சமம். உரமாக மக்கவிட்டாலோ எரிசக்திக் கணக்கில் சுழியம். தரம்பிரிக்காமல் குவியும் குப்பையை எரிக்கும் நகரம் அட்டவணையில் உயர்கிறது. தரம்பிரித்து உரமாக்கும் நகரம் அதில் தோன்றுவதே இல்லை. இந்த எண் உயர்வதை இலக்காகக் கொண்டால் குப்பை குறைவது நட்டக் கணக்காகிவிடும்.

5. கொள்கையின் எரிபொருள்

மூன்றாவது பகுதி எத்தனால். இது புதிய எண்ணமல்ல. 1948லேயே எரிசாராயச் சட்டம் இருந்தது. 2013–14இல் 1.5 சதவீதமாக இருந்த பெட்ரோல் கலப்பு, முதலில் 2030க்கென்று வகுத்த 20 சதவீத இலக்கை 2025இல் தொட்டது. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே. அதற்குரிய கரும்பும் மக்காச்சோளமும் நீரையும் நிலத்தையும் கேட்கின்றன. சாதகமோ பாதகமோ, இதைத் தனியே எடைபோட வேண்டும். காட்டு விறகு ஒரு பிடி குறைந்து கரும்பு எத்தனால் ஒரு பிடி கூடினால், பத்தியின் கூட்டுத்தொகை அசையாது. அதற்குள் ஒரு பெண்ணின் நுரையீரலும் ஒரு வயலின் நிலத்தடி நீரும் இடம் மாறியிருக்கும்.

6. மறுப்பும் மறுமொழியும்

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. நாடுகளை ஒப்பிட ஒரே அலகு வேண்டும்; ‘பயன்பட்ட எரிசக்தி’ என்றால் ஒவ்வோர் அடுப்பின் திறனையும் ஊகிக்க நேரும்; ஊகம் கலந்தால் புள்ளிவிவரம் நம்பகம் இழக்கும் என்பார்கள். ஆனால் இப்போதைய விறகுக் கணக்கே நிறுத்துப் பார்த்ததல்ல. நிலக்கரிக்குச் சுரங்கத்தில் எடைச்சீட்டு உண்டு, சுள்ளிக்கு ஏது? மாதிரி ஆய்வின் தலைக்கணக்கை மக்கள்தொகையால் பெருக்கித்தான் அந்த எண் பிறக்கிறது. ஓர் ஊகத்தை ஏற்றுவிட்டு மற்றொன்றை மட்டும் மறுப்பது முறையல்ல. ஊகத்தை வெளிப்படையாக எழுதி, கீழ் எல்லையும் மேல் எல்லையும் தருவதே நேர்மை. இக்கட்டுரையில் விறகுக்கும் எரிவாயுவுக்கும் இடையே மூன்று முதல் ஆறு மடங்கு என்று கொண்டது அந்த வகையில்தான்.

ஆகவே பழைய பத்தியை ஒப்பீட்டுக்காக அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் மூன்று கிளைக் கணக்குகள் சேர வேண்டும்: வீட்டு அடுப்பில் எரிந்ததும் அதில் பயன்பட்டதும்; ஆலையிலும் வாகனத்திலும் எரிந்த உயிரி எரிபொருளும் அதற்குச் சென்ற நிலமும் நீரும்; எரித்த குப்பையும் எரிக்காமல் மக்கவைத்த குப்பையும். அப்போது ஜீவனஹள்ளிக் குடும்பம் ஒன்று சிலிண்டருக்கு மாறுவது முதல் கணக்கில் இழப்பின் குறைவாகத் தெரியும். அதன் ஈரக் கழிவு உரமாவது மூன்றாவது கணக்கில் வரவாக ஏறும். இன்றைய அட்டவணையிலோ முதலாவது வெறும் சரிவு. இரண்டாவது எழுதப்படவே இல்லை.