வானத்துப் பேச்சும் கொழும்பின் காதுகளும்

ரொரன்ரோவில் வாழும் வாசகர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பின்னர் வானொலி ஸ்கேனர் ஒன்றை வாங்கி, விமானிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே நடக்கும் உரையாடலைக் கேட்டுப் பொழுதுபோக்குகிறாராம். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த அவருக்கு ஒரு கேள்வி. "கொழும்பில் எவராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?" என்கிறார். கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதில் தமிழருக்கும் பங்கு உண்டு. பங்கின் பெரும்பகுதி துயரமே.

முதலில் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். உலகெங்கும் பயணிகள் விமானங்கள் தரையோடு பேசுவது பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான வி.எச்.எஃப். அலைவரிசைகளில்தான். பழைய ஸ்கேனர்களில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகத்தை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் எண் விசைகளை அழுத்தியே அலைவரிசையைப் பதிந்துகொள்ளும் கருவிகள் வந்தன. இதைத்தான் 'புரோகிராம் செய்தல்' என்கிறோம். கோபுரம், அணுகுமுறைக் கட்டுப்பாடு, தரைக் கட்டுப்பாடு ஆகியவற்றின் எண்களை ஒவ்வொன்றாக நினைவகத்தில் இட வேண்டும், ஏ.எம். முறையைத் தெரிவுசெய்ய வேண்டும். பேச்சில்லாத வேளையில் இரைச்சல் கேளாதபடி ஒலியடைப்பைச் சரிசெய்ய வேண்டும். பின்னர் கருவி தானாகவே அலைவரிசைகளைச் சுற்றி வந்து, பேச்சுக் கேட்கும் இடத்தில் நிற்கும். 121.5 மெகாஹேர்ட்ஸ் உலகம் முழுவதற்கும் பொதுவான அவசர அலைவரிசை. அனுபவசாலிகள் முதலில் பதிவது அதைத்தான்.

இசை கேட்பதற்கு எஃப்.எம். சிறந்தது என்பதை அறிந்த நமக்கு, விமானத்துறை ஏன் இன்னமும் ஏ.எம். முறையை விடவில்லை என்ற கேள்வி எழும். எஃப்.எம். முறையில் இருவர் ஒரே வேளையில் பேசினால், வலுவான குரல் மெலிந்த குரலை முற்றாக விழுங்கிவிடும். விழுங்கியது யாருக்கும் தெரியாது. ஏ.எம். முறையில் இரண்டும் மோதிக் கீச்சொலி எழும். இன்னொருவரும் பேச முயன்றார் என்பதாவது தெரியவரும். அந்தக் கீச்சொலியின் பெறுமதியை 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவு காட்டியது. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். மோதலுக்குச் சற்று முன்னர், கோபுரத்தின் குரலும் ஒரு விமானியின் குரலும் ஒரே கணத்தில் எழுந்து ஒன்றையொன்று மறைத்தன. மற்ற விமானத்தின் அறையில் கேட்டது பெரும்பாலும் அந்தக் கீச்சொலியே.

இனிக் கொழும்புக்கு வருவோம்.

இலங்கையில் வானொலிக்கு வித்திட்டவர் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர். முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் உபகரணங்களைக் கொண்டே முதல் ஒலிபரப்புக் கருவியைத் தம் குழுவினரோடு அவர் உருவாக்கினார் என்பது வானொலி வரலாற்றில் பதிவான செய்தி. 1925 டிசெம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 1935 நவம்பர் 27 அன்று, இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. அது சென்னை பறத்தல் கழகத்தைச் சேர்ந்த டின்டேல் பிஸ்கோ ஓட்டி வந்த விமானம். 1947 டிசெம்பரில் எயார் சிலோன் தன் முதற் சேவையைத் தொடங்கியபோதும் 'சீதாதேவி' என்ற விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்கே பறந்தது. இலங்கையின் வான்வழி தமிழ் மண்ணைத் தொட்டே தொடங்கியது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் இடையில் போர் வந்தது. 1942 ஏப்ரல் 4 மாலை, காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து புறப்பட்ட கட்டலினா விமானமொன்று தெற்குக் கடலில் ரோந்து சென்றது. அதன் தலைவர் கனடிய விமானப்படை அதிகாரி லெனார்ட் பேர்ச்சல். தொலைவில் தெரிந்த புள்ளிகளை உறுதிப்படுத்த நெருங்கியபோது, அது நகுமோவின் தலைமையில் வந்த ஜப்பானியக் கடற்படை என்பது தெரிந்தது. தந்திக் குறியீட்டில் செய்தி அனுப்பத் தொடங்கினர். விதிப்படி மும்முறை அனுப்ப வேண்டும். மூன்றாம் முறை முடியுமுன் ஜப்பானியப் போர் விமானங்களின் குண்டுகள் வானொலிக் கருவியைச் சிதைத்தன. கட்டலினா கடலில் வீழ்ந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். எஞ்சியோர் சிறைப்பட்டனர்.

செய்தி கரையை எட்டிவிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பலவற்றை அன்றிரவே வெளியேற்ற முடிந்தது. மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலைப் பூசை வேளையில் கொழும்பின் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தன. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனை அந்தக் குண்டோசையை மிக அருகில் கேட்டது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தைய மாலையே எச்சரிக்கை கிடைத்திருந்தும், எதிரி தலைக்கு மேல் வந்த பின்னர்தான் இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் விமானங்கள் எழ முனைந்தன. அன்று காலை ராடர் எச்சரிக்கை தளத்தை உரிய நேரத்தில் எட்டவில்லை. பேர்ச்சலுக்கு 'இலங்கையின் இரட்சகர்' என்ற பட்டம் நிலைத்தது. ஆனால் கேட்ட செய்தி உரிய கைகளுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் கேட்டதற்குப் பயன் உண்டு என்பதும் அந்த ஞாயிற்றின் பாடம்.

அதற்கடுத்த ஆண்டே அதே கொக்கலையிலிருந்து இதற்கு நேர்மாறான பயணங்கள் தொடங்கின. 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் நிறுவனத்தின் கட்டலினாக்கள் கொக்கலைக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே பறந்தன. எதிரியின் காதில் விழக்கூடாது என்பதற்காக, ஏறத்தாழ முப்பது மணி நேரம் வானொலி மௌனம் காத்தே பறந்தனர். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கண்டனர். ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் காண்பதால் 'இரட்டைச் சூரியோதயச் சேவை' என்று அதற்குப் பெயர் வந்தது.

போர் முடிந்தது; படைகளுக்கென நிறுவிய ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கையின் கைக்கு வந்தது. இலங்கை வானொலி தென்னாசியா முழுவதும் ஒலித்த கதையைப் பலரும் எழுதிவிட்டனர். கொழும்பில் வாழ்ந்த இன்னொருவரின் வானொலித் தொடர்பைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கைப் பலரும் விண்வெளி எழுத்தாளராக அறிவர். அவர் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் ராடர் அதிகாரி. மூடுபனியில் ஓடுபாதை தெரியாமல் வரும் விமானத்தை, தரையில் ராடர் திரையைப் பார்த்திருப்பவர் தம் குரலால் மட்டுமே வழிநடத்தி இறக்கும் முறையை வளர்த்த குழுவில் பணியாற்றியவர். 'இன்னும் சற்று இடப்புறம், இன்னும் சற்றுக் கீழே' என்று சொல்லிச் சொல்லி இறக்குவார்கள். விமானி காணாததைத் தரையிலிருப்பவர் காண்கிறார் என்பதே அந்த முறையின் உயிர்நாடி.

தரையும் காணாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1974 டிசெம்பர் 4 சாட்சி. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் டி.சி.-8 விமானம், ஜித்தா செல்லும் வழியில் கட்டுநாயக்காவில் இறங்கவிருந்தது. தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் வானொலியில் தெரிவித்தனர். அந்தச் சொல்லை ஏற்றுத் தரை, 2000 அடி வரை இறங்க அனுமதி வழங்கியது. விமானிகள் கணித்த இடம் உண்மையான இடத்திலிருந்து வெகுவாக விலகியிருந்தது. கடலோரச் சமவெளியை நெருங்கிவிட்டதாக எண்ணி இறங்கிய விமானம், மஸ்கெலியாப் பகுதியில் சப்த கன்னியர் மலையில் ஏறத்தாழ 4355 அடி உயரத்தில் மோதியது. 191 பேரும் மாண்டனர். இலங்கை கண்ட மிகப் பெரிய விமான விபத்து இன்றும் அதுவே. வானொலி பழுதாகவில்லை, மொழி விளங்காமல் போகவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கேட்ட சொல் தவறென்று சொல்ல இன்னொரு கண் அங்கே இல்லை.

தமிழர் மனத்தில் ஆறாத வடுவாக நிற்பது இன்னொரு நாள்: 1998 செப்டெம்பர் 29. தரைப்பாதை அடைபட்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வர விமானமும் கப்பலுமே வழி. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானத்தில் 48 பயணிகளும் 7 பணியாளரும் இருந்தனர். பயணிகள் தமிழர். புறப்பட்ட சிறிது நேரத்தில், விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைவதாக விமானி வானொலியில் அறிவித்தார். அதன்பின் மௌனம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினரை எதிர்பார்த்திருந்த வீடுகளுக்கு அன்று கிடைத்தது அந்த மௌனம் மட்டுமே. உடல்கள் இல்லை, சிதைவுகள் இல்லை. கடத்திவிட்டார்கள், எங்கேயோ உயிரோடு இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் எரிந்தது. கைதான முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் கொடுத்த தகவலைக் கொண்டு, 2012இல்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் சிதைவுகளைக் கண்டனர். விமானத்தைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினர் என்பதும் உறுதியாயிற்று. 2014இல், மீட்ட ஆடைகளையும் பொருள்களையும் யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைத்தபோது, பதினாறு ஆண்டுக்கு முன் வழியனுப்பிய சட்டையையும் சேலையையும் தேடிக்கொண்டு உறவினர்கள் வந்தனர்.

இப்போது வாசகரின் கேள்விக்குத் திரும்பலாம். கொழும்பில் தமிழர் ஒருவர் ஸ்கேனர் வைத்துக் கேட்டிருக்க முடியுமா? சட்டப்படி பார்த்தால், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வானொலித் தொடர்புக் கருவிகளுக்கு அனுமதி வேண்டும். அது எல்லோருக்கும் பொது. ஆனால் போர்க்காலத்து வெள்ளவத்தையில் சட்டத்துக்கு முன் அச்சம் வந்து நின்றது. 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கின. அதன்பின் 2009 பெப்ரவரி வரை, நகரின் விளக்குகள் திடீரென அணைந்து வானத்தை நோக்கித் துப்பாக்கிகள் முழங்கிய இரவுகள் சில உண்டு. 2007 ஜூன் 7 அன்று, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்தது. அந்த நாள்களில் வீட்டுச் சோதனையின்போது மேசை மேல் பழைய சிற்றலை வானொலி இருந்தாலே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விமான அலைவரிசைகளைப் பதிந்த ஸ்கேனர் ஒன்றை எந்தத் தாய் வீட்டில் வைத்திருக்க விடுவாள்? ரொரன்ரோவில் பொழுதுபோக்காக இருப்பது, அன்று வெள்ளவத்தையில் சிறைக்கு வழியாக இருந்திருக்கும்.

நாடுகளுக்கிடையே சட்டங்களும் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் விமான உரையாடலைக் கேட்பது பொதுவாகக் குற்றமன்று. பிரித்தானியாவில் கருவியை வாங்கலாம். ஆனால் தமக்கென அனுப்பப்படாத உரையாடலைக் கேட்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். புலம்பெயர்ந்த வாசகர்கள் தத்தம் நாட்டு விதியை அறிந்துகொண்டு ஈடுபடுவது நலம்.

கேட்பவருக்கு இன்னொரு தகவலும் உதவும். வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் செல்வது. வெள்ளவத்தையின் மொட்டை மாடியில் கருவியை வைத்தால், நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் உயரத்தில் பறக்கும் விமானியின் குரல் தெளிவாகக் கேட்கும். கட்டிடங்களுக்கு அப்பால் வடக்கே இருக்கும் கட்டுநாயக்காக் கோபுரத்தின் பதில் மங்கலாகவே வரும், அல்லது வராமலே போகும். உரையாடலில் பாதி மட்டுமே கைக்கு எட்டும். நம் விமான வரலாறும் அப்படித்தான் நம்மிடம் இருக்கிறது. ஆணைக்குழு அறிக்கைகளும் ஆங்கிலப் பதிவுகளும் ஒரு பாதி. கோபுரத்தில் பணியாற்றிய தமிழ் அலுவலர்கள், பலாலியில் பயணச்சீட்டுக்கு வரிசையில் நின்றவர்கள், 1998இல் இரத்மலானை வாசலில் காத்திருந்தவர்கள் ஆகியோரின் நினைவுகள் மறுபாதி. அது இன்னும் எழுத்தாகவில்லை.

பெருங்கடலின் மேல் பறக்கும் விமானங்கள் இப்போது பேசுவதைக் குறைத்து, எழுத்துச் செய்திகளாகவே தரையோடு தொடர்புகொள்கின்றன. 2019 ஒக்டோபரில் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சீதாதேவி பறந்த சென்னை வழி மீண்டும் உயிர்பெற்றது. அந்தப் பழைய வழியில் பறந்தவர்களும், அதைத் தரையிலிருந்து வழிநடத்தியவர்களும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் அத்தகையவர் இருந்தால், அவர் சொல்வதைப் பதிவுசெய்து வையுங்கள். அதற்கு எந்த நாட்டிலும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை.