பப்பாளிப் பால்

நம் கொல்லைப்புறங்களில் கிணற்றடி நீரை உண்டு வளரும் பப்பாளியை இம்மண்ணின் மரமென்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கடல் கடந்து வந்த விருந்தாளி. தென் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவுமே அதன் தாயகம். ஸ்பானியர் அதனைப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டு சேர்த்தனர். 1583-ஆம் ஆண்டில் கோவாவுக்கு வந்து சில ஆண்டுகள் தங்கிய லின்ஸ்கோட்டன் என்னும் டச்சு யாத்திரிகர், அத்தீவுகளிலிருந்து மலாக்கா வழியாக இப்பழம் இந்தியாவை அடைந்ததென 1596-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். ஆணும் பெண்ணுமாக இரு மரங்கள் சேர்ந்து நின்றாலே இது காய்க்கும் என்பதும் அவர் தரும் செய்தி.

அவர் கூற்றில் பாதி உண்மையே உண்டு. பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம் என்பவற்றோடு, ஒரே பூவில் இரு பாலும் அமைந்த மூன்றாம் வகையும் உண்டு. அது தனித்து நின்றும் காய்க்கும். மரம் என்று நாம் அழைப்பினும், தாவர நூலார் இதனைப் பெரும் பூண்டு என்பர். ஏனெனில் இதன் தண்டில் வைரம் பாய்வதில்லை; உள்ளே கூடாக இருக்கும். பெரும்பாலும் கிளையின்றி ஓங்கி, விரல்களாகப் பிளந்த பேரிலைகளை உச்சியில் குடைபோல் விரிக்கும். உதிர்ந்த இலைகளின் தழும்புகள் தண்டெங்கும் நிற்கும்.

இதன் தனிச்சிறப்போ, பச்சைக் காயைக் கீறினால் கசியும் வெண்பால்தான். இறைச்சியோடு காயைச் சேர்த்தால் அது மென்மையாகும் என்பதைச் சமையலறை நெடுநாள் முன்பே அறிந்திருந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்களான வூர்ட்ஸ், பூஷே இருவரும், புரதத்தைச் சிதைக்கும் நொதியொன்று அப்பாலில் உள்ளதென 1879-இல் அறிவித்து, அதற்குப் 'பப்பாயின்' எனப் பெயரிட்டனர். எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1959-இல், ரோட்னி போர்ட்டர் என்னும் ஆங்கிலேய அறிஞர் அதே நொதியைக் கத்திபோல் கையாண்டு, நோயை எதிர்க்கும் குருதிப் புரதத்தை மூன்று துண்டுகளாக வெட்டினார். அப்புரதத்தின் அமைப்பு அதனால் துலங்கிற்று. 1972-இல் அவர் எடல்மன் என்பாருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆயினும் மருந்தின் பாதை எப்போதும் நேராகச் செல்வதில்லை. அதே பாலிலுள்ள 'கைமோபப்பாயின்' என்னும் மற்றொரு நொதியை, முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி வருந்துவோர்க்கு ஊசிவழிச் செலுத்த 1982-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. பலர் குணம் கண்டனர். சிலருக்கோ உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை நேர்ந்தது. 2003-இல் அங்கு அதன் விற்பனை நின்றது. டெங்குக் காய்ச்சலுக்குப் பப்பாளியிலைச் சாறு தருவதும் இன்று பரவியுள்ளது. குருதித் தட்டணுக்கள் பெருகியதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் அது உயிர் காக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே, சாற்றை நம்பி மருத்துவரிடம் செல்லாதிருத்தல் பெருந்தவறு.

மாணவர்களே! ஒரு செடியிடம் மருந்துக்குரிய ஆற்றல் இருப்பது ஒன்று. அது மருந்தாவது வேறு. சமையலறை கண்ட உண்மை ஆய்வுக்கூடத்தை அடைந்தது. அங்கிருந்து நோயாளியின் படுக்கையை அடைந்தபோது சில சமயம் தோற்றும் போனது. ஒவ்வொரு படியிலும் சோதித்தறிந்தவர்களாலேயே நாம் உண்மையைப் பெற்றோம். கொல்லையில் நிற்கும் எளிய பப்பாளி நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.