யூக்கியோ ஓசாக்கி

யூக்கியோ ஓசாக்கி (1858–1954) ஜப்பானிய அரசியல்வாதி, இதழாளர், அமைச்சர், டோக்கியோ நகர மேயர். 1890இல் ஜப்பானின் முதல் பொதுத்தேர்தலில் வென்று கீழவைக்குள் நுழைந்தவர், தொடர்ந்து 25 தேர்தல்களில் வென்று 1953 வரை, 63 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். இத்தனை காலம் ஒருவர் தேர்தல் வழியே நாடாளுமன்றத்தில் நீடித்தது உலகில் மிக அரிது. ஜப்பானியர் அவரை 'அரசியலமைப்பு ஆட்சியின் தெய்வம்' என்று போற்றுவதற்கு ஆண்டுக்கணக்கு மட்டும் காரணமல்ல. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் சிறுபான்மையாக, பல சமயம் கட்சியே இல்லாமல், ஆட்சியிலிருந்தோரை எதிர்த்தே கழித்தார்.

இன்றைய கனகாவா மாகாணத்தில் மத்தானோ என்ற சிற்றூரில் பிறந்தார். கெய்யோ கல்விக்கூடத்தில் பயின்று, இருபதை ஒட்டிய வயதிலேயே நீகாத்தா நகரில் ஒரு செய்தித்தாளின் ஆசிரியரானார். மக்களுரிமை இயக்கத்தில் ஈடுபட்டதால் 1887இல் அரசு ஓர் அவசரச் சட்டத்தின் கீழ் அவரை டோக்கியோவை விட்டு வெளியேற்றியது. அவர் வெளிநாடு சென்றார். 1890 தேர்தலில் மியே மாகாணத்திலிருந்து வென்றார். 15 யென்னும் அதற்கு மேலும் நேரடி வரி கட்டும் ஆண்களுக்கே அப்போது வாக்குரிமை. மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்தான் வாக்களிக்க முடிந்தது. அந்த வாசல் அகலமாகி 1946இல் பெண்களும் வாக்களித்த காலம் வரை மியே அவரைக் கைவிடவில்லை.

1898இல் ஜப்பானின் முதல் கட்சி அமைச்சரவையில் கல்வி அமைச்சரானார். பணத்தைக் கும்பிடும் போக்கைக் கண்டிக்கும் ஓர் உரையில், ஜப்பான் குடியரசாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் மிட்சுயி, மிட்சுபிஷி நிறுவனத்தார்தாம் குடியரசுத் தலைவர் வேட்பாளர்களாக நிற்பார்கள் என்றார். பேரரசர் ஆளும் நாட்டில் குடியரசு என்ற சொல்லையே உச்சரிக்கலாமா என்று எதிரிகள் கொதித்தெழ, பதவி விலக நேர்ந்தது.

1903 முதல் 1912 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபடியே டோக்கியோ மேயராகவும் பணியாற்றினார். வாஷிங்டன் நகருக்குச் செர்ரி மரங்கள் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். முதலில் அனுப்பிய 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருப்பதை அமெரிக்க வேளாண் துறை கண்டுபிடித்து, 1910 ஜனவரியில் அவற்றை எரித்தது. நட்புப் பரிசு சாம்பலானதை இரு நாடுகளின் மனக்கசப்பாக வளரவிடாமல் ஓசாக்கி மீண்டும் முயன்றார். அரக்காவா ஆற்றங்கரை மரங்களிலிருந்து ஒட்டுக்குச்சிகள் எடுத்து, நோயற்ற செடிகளில் ஒட்டுக்கட்டி, 12 வகைகளில் 3,020 கன்றுகள் 1912இல் கப்பலேறின. மார்ச் 27 அன்று அதிபர் டாஃப்டின் மனைவி முதல் கன்றை நட்டார். வெளிநாடுகளில் ஓசாக்கியை அறிந்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பூக்களின் வழியாகத்தான் அறிவார்கள். ஆனால் அவருடைய பெரும்பணி நாடாளுமன்றத்திற்குள் நடந்தது.

1912 இறுதியில் கட்சுரா தாரோ மூன்றாம் முறையாகப் பிரதமரானபோது ஓசாக்கியும் இனுக்காய் சுயோஷியும் அரசியலமைப்புப் பாதுகாப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தினர். 1913 பிப்ரவரி 5 அன்று அவையில் எழுந்த ஓசாக்கி, கட்சுரா அரியணையை அரணாகவும் பேரரசரின் ஆணைகளைத் தோட்டாக்களாகவும் வைத்துக்கொண்டு எதிரிகளைச் சுடுகிறார் என்று நேருக்கு நேர் குற்றஞ்சாட்டினார். வெளியே மக்கள் திரண்டனர். அந்த மாதமே அமைச்சரவை கவிழ்ந்தது. மக்கள் அழுத்தத்தால் ஜப்பானில் ஓர் அரசு வீழ்ந்தது அதுவே முதல் முறை.

அவர் தொடக்கத்திலிருந்தே சமாதானவாதி அல்லர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சீனாவுடனான 1894 போரை ஆதரித்தார். 1915இல் சீனாவிடம் 21 கோரிக்கைகளை வைத்த ஓக்குமா அமைச்சரவையில் அவரே நீதி அமைச்சர். முதல் உலகப் போர் முடிந்தபின் ஐரோப்பாவுக்குச் சென்று போர்க்களங்களின் அழிவைக் கண்ணால் பார்த்துத் திரும்பியவர் வேறு மனிதராக இருந்தார். 1921இல் கடற்படைக் குறைப்புக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்து பெருந்தோல்வி கண்டார். அவை கேட்காவிட்டால் மக்களிடம் கேட்கலாம் என்று நாடெங்கும் கூட்டம் போட்டுப் பேசினார். வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டுப் போராடியவர், 1925இல் அது கிடைத்த அதே ஆண்டில் வந்த, மாற்றுக் கருத்துகளை ஒடுக்கும் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்தார்.

1930களில் இராணுவம் அரசியலை விழுங்கத் தொடங்கியது. பிரதமராகியிருந்த இனுக்காய் 1932இல் கடற்படை அதிகாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1937இல் ஓசாக்கி இராணுவத்தைக் கண்டித்துப் பேச அவைக்குச் சென்றபோது, திரும்பி வராமல் போகலாம் என்றெண்ணித் தம் மரணக் கவிதையை எழுதிச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

1942 ஏப்ரல் தேர்தலில் பிரதமர் தோஜோவின் அரசு 466 வேட்பாளர்களை அதிகாரபூர்வமாகப் பரிந்துரைத்தது. இது தேர்தலே அல்ல என்று கண்டித்துத் தோஜோவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார் ஓசாக்கி. நண்பர் ஒருவருக்காகப் பிரசாரம் செய்கையில், முதல் தலைமுறை சேர்த்த சொத்தை மூன்றாம் தலைமுறை விற்றுத் தீர்க்கும் என்ற பொருளில் வழங்கும் பழைய வழக்கை எடுத்துக்காட்டினார். மெய்ஜி காலம் தேடித்தந்ததை இன்றைய தலைமுறை தொலைத்துவிடக் கூடாது என்பதே அவர் சொல்லவந்தது. பேரரசர் மெய்ஜியிலிருந்து மூன்றாமவர் அன்றைய பேரரசர் ஹிரோஹித்தோ அல்லவா என்று கணக்குப் போட்ட அரசு, 83 வயதுக்காரரைப் பேரரசரை அவமதித்த குற்றத்தில் கைது செய்து சுகாமோ சிறையில் ஓர் இரவு அடைத்தது. பரிந்துரை பெற்றோரில் 381 பேர் வென்ற அந்தத் தேர்தலில், பரிந்துரையின்றி வென்ற 85 பேரில் ஓசாக்கியும் ஒருவர். கீழ் நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தது. அவர் விடாமல் மேல்முறையீடு செய்தார். 1944இல், போர் உச்சத்தில் இருந்தபோதே, உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அன்றைய சூழலில் அந்த நீதிபதிகளின் துணிவும் சாதாரணமானதல்ல.

ஓசாக்கியின் இரண்டாம் மனைவி யெய் தியோடோரா, லண்டனில் பிறந்தவர். ஜப்பானிய நாட்டார் கதைகளை ஆங்கிலத்தில் தந்த எழுத்தாளர். திருமணத்துக்கு முன்பு இருவரின் குடும்பப் பெயரும் ஒன்றாக இருந்ததால் ஒருவருடைய கடிதங்கள் மற்றவருக்கு மாறிச் சேர்ந்ததே அறிமுகத்துக்கு வழி செய்தது என்பர். 1932இல் யெய் காலமானார்.

போருக்குப்பின் ஓசாக்கி உலகக் கூட்டாட்சிக் கருத்தைப் பரப்பினார். 1950இல், 91ஆம் வயதில், அமெரிக்கா சென்றுவந்தார். 1953 தேர்தலில் தோற்றார். அதே ஆண்டில் கீழவை அவரைக் கௌரவ உறுப்பினராக அறிவித்தது. டோக்கியோ நகரம் கௌரவக் குடிமகனாக்கியது. 1954 அக்டோபர் 6 அன்று ஸூஷி நகரில் காலமானார். நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே 1960இல் அவர் நினைவாக எழுந்த மண்டபம், பின்னர் நாடாளுமன்ற வரலாற்று அருங்காட்சியகமானது.