எஸ்ஃபஹக்

எஸ்ஃபஹக் என்பது ஈரான் நாட்டின் தெற்கு கொராசான் மாகாணத்தில், தபஸ் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 38 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள சிற்றூர் ஆகும். இங்கு பேசப்படும் மொழி பாரசீகம். 1978ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து கைவிடப்பட்ட பழைய ஊரும், அதனையடுத்து எழுப்பப்பட்ட புதிய ஊரும் ஒரே பெயரால் வழங்குகின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் பழைய ஊரைப் பற்றியது.

அமைவிடம்

தபஸ் பகுதி, தஷ்தே கவீர், தஷ்தே லூத் என்னும் இரு பெரும் பாலைநிலங்களுக்கு இடையே உள்ளது. மழை மிகக் குறைவு. பேரீச்சந் தோப்புகளே இப்பகுதியின் அடையாளம். 1980 ஏப்ரலில் அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீட்க வந்த படையினரின் முயற்சி தோல்வியுற்றது தபஸ் பாலைவனத்தில்தான் என்பதால், வெளிநாட்டார் பலர் இவ்வட்டாரத்தை அதன்வழியே அறிந்துள்ளனர்.

நிர்வாக எல்லைகள் இங்கே பலமுறை மாறியுள்ளன. நிலநடுக்கத்தின்போது தபஸ் பழைய கொராசான் மாகாணத்தில் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது யஸ்து மாகாணத்திலும், 2016 கணக்கெடுப்பில் தெற்கு கொராசானிலும் இடம்பெற்றுள்ளது. பழைய நூல்களைப் பயன்படுத்துவோர் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

கட்டட முறை

பாலைநிலத்தில் நீண்ட மரங்கள் கிடைப்பது அரிது. எனவே உத்தரமோ விட்டமோ இன்றி, சுடாத செங்கல்லைக் கொண்டே வளைவுக் கூரைகளும் குவிமாடக் கூரைகளும் அமைக்கப்பட்டன. தடித்த மண்சுவர்கள் பகல் வெப்பத்தை உள்ளே விடுவதில்லை. சுவரிலும் கூரையிலும் களிமண்ணும் வைக்கோலும் கலந்த 'காகெல்' என்னும் சாந்து பூசப்படும். மழையில் கரையும் இப்பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய பூச்சின் மேலேயே புதியதைப் பூசி வருவதால், காலப்போக்கில் கூரையின் எடை கூடிக்கொண்டே போகும்.

வெயிலுக்கு ஏற்ற இந்த அமைப்பு நில அதிர்வுக்குச் சற்றும் ஏற்றதன்று. குவிமாடம் சுவர்களை எப்போதும் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். சுவர் விலகினால் கூரை முழுவதுமாக உள்ளே விழும். மண்கற்கள் பொடிந்து தூளாவதால், இடிபாடுகளுக்குள் மூச்சுவிடக் காற்றுவெளியும் எஞ்சாது. 2003இல் பாம் நகரிலும் இதுவே நிகழ்ந்தது.

1978 நிலநடுக்கம்

1978 செப்டம்பர் 16 அன்று மாலை 7.4 அளவுள்ள நிலநடுக்கம் தபஸ் பகுதியைத் தாக்கியது. தெகுரானில் 'கருப்பு வெள்ளி' எனப்படும் துப்பாக்கிச் சூடு நடந்து எட்டு நாட்களே ஆகியிருந்தன. நிலப்பிளவு விட்டுவிட்டு ஏறத்தாழ 85 கி.மீ. நீளத்திற்கு மேற்பரப்பில் தென்பட்டது. 15,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 13,000 பேர் வாழ்ந்த தபஸ் நகரில் பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டனர்.

அதற்கு முந்தைய பதினோரு நூற்றாண்டுகளில் தபஸ் பெரிய நிலநடுக்கம் எதனாலும் அழிந்ததாகப் பதிவு இல்லை. நெடுங்காலம் அமைதியாக இருந்த இடம் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறானது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் சான்றுகளுள் இதுவும் ஒன்று. தபஸில் அன்று பதிவான அதிர்வு, புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் எட்டுப் பங்கைத் தாண்டியது. அப்பதிவைக் கட்டடப் பொறியாளர்கள் உலகெங்கும் இன்றும் கணிப்புகளுக்குப் பயன்படுத்துகின்றனர். ஊரின் பெயரைக் கேள்விப்படாத மாணவரும் அந்த எண்வரிசையைக் கையாண்டிருக்கக்கூடும்.

எஸ்ஃபஹக்கின் வீடுகளில் பெரும்பாலானவை இடிந்தன. தப்பியோர் அருகில் கட்டப்பட்ட புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பழைய ஊர் சுமார் முப்பது ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தது.

மீட்டமைப்பு

2000களின் இறுதியில் ஊர் இளைஞர்கள் பழைய வீடுகளைச் சீரமைக்கத் தொடங்கினர். மண்கல், காகெல் ஆகிய பழைய பொருட்களே பயன்பட்டன. சீரமைக்கப்பட்ட வீடுகள் பயணியர் தங்கும் விடுதிகளாயின. மண் கட்டடக் கலையைக் கற்க விரும்பும் மாணவர்களும் இங்கு வருகின்றனர். எனினும் ஊர் முழுவதும் மீட்கப்படவில்லை. பல வீடுகள் இடிந்த நிலையிலேயே உள்ளன.

விழுந்த கூரைகளைப் போன்ற கூரைகளின் கீழேயே விருந்தினர் உறங்குகின்றனர் என்பது எளிதில் தீராத சிக்கல். மண்சுவர்களை வலைப்பின்னல் கொண்டு போர்த்துவது, மேல்விளிம்பைச் சுற்றிக் கட்டுப்பட்டை அமைப்பது முதலிய வலுவூட்டும் முறைகள் பல நாடுகளில் சோதிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை பழைய தோற்றத்தை ஓரளவு மாற்றிவிடுகின்றன.

ஐக்கிய நாடுகள் சுற்றுலா அமைப்பு 2024ஆம் ஆண்டுக்கான சிறந்த சுற்றுலாச் சிற்றூர்கள் பட்டியலில் எஸ்ஃபஹக்கையும் சேர்த்தது.