ஒரு நாள் தாமதம்

அறுபது நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டிய மேன்முறையீட்டுப் பத்திரம் ஒன்று அறுபத்தோராம் நாள் கைமாறியது. அந்த ஒரு நாளின் விலை இரண்டு உயிர்கள். அறுபதாம் நாளன்று அதைத் தபாற் பெட்டியிற் போட்டிருந்தாற்கூடப் போதுமாயிருந்திருக்கும். வழக்கறிஞர்கள் தபாலை நாடாமல் மறுநாட் கையாற் கொடுத்தார்கள். வட கரோலினா மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அதை ஏறெடுத்தும் பார்க்க மறுத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர் நீதிமன்றமும் 1953ஆம் ஆண்டு அந்த மறுப்பிலே தலையிட மறுத்தது. டானியல்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரு கறுப்பின இளைஞர்கள் அதே ஆண்டு நவம்பரில் ராலி நகரச் சிறையின் நச்சுவாயுக் கூடத்தில் மாண்டார்கள்.

சட்டம் என்பது எல்லார்க்கும் பொதுவான தராசு என்று பள்ளிப் பருவம் முதலே நாம் கற்று வந்திருக்கிறோம். தராசு பொதுவானதுதான். அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது, படிக்கற்களை வார்த்தவர் யார் என்ற வினாக்களைத்தான் சரித்திரம் மீண்டும் மீண்டும் நம்முன் வைக்கிறது. 'ஆட்கொணர்வு எழுத்தாணை' என்று நாம் வழங்கும் அந்தப் பழம்பெரும் நீதிப் பரிகாரத்தின் அமெரிக்க வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுவதும் அவ்வினாக்களின் பொருட்டே.

இந்த எழுத்தாணை நமக்கு அந்நியமானதன்று. 1937ஆம் ஆண்டு, தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞரை நாடு கடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டபோது, அவரை விடுவித்தது இந்த எழுத்தாணையே. பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம், அக்கட்டளைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று தீர்த்தது. 'இம்மனிதனை எந்த அதிகாரத்தால் அடைத்து வைத்திருக்கிறாய்? அவனை என்முன் கொண்டுவந்து காரணம் காட்டு' என்று சிறைக்காவலனை நோக்கி நீதிபதி கேட்கும் கேள்விதான் இந்த எழுத்தாணையின் உள்ளுயிர். இங்கிலாந்தில் 1679ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உறுதியளித்தது. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியல் யாப்பும், கிளர்ச்சியோ படையெடுப்போ நேர்ந்தாலன்றி அதை இடைநிறுத்தலாகாது என்று விதித்தது.

ஆனால் அமெரிக்கா ஒரு சமஷ்டி. கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் ஆகிய குற்றங்களிற் பெரும்பாலானவற்றை விசாரித்துத் தண்டிப்பவை மாநில நீதிமன்றங்களே. மாநில நீதிமன்றம் சிறையிலிட்ட ஒருவனைப் பற்றிக் கேள்வி கேட்கச் சமஷ்டி நீதிபதிக்கு என்ன உரிமை? அடிமை முறையை எதிர்த்த உள்நாட்டு யுத்தம் முடியும் வரை அந்த உரிமை மிகக் குறுகியதாகவே இருந்தது. யுத்தம் முடிந்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தென் மாநிலங்களின் பழைய எசமானர்கள் புதிய சட்டங்களாற் கட்டிப்போட முனைந்தபோது, 1867ஆம் ஆண்டு காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அரசியல் யாப்புக்கு மாறாக அடைக்கப்பட்ட எவரும், மாநிலச் சிறையில் இருப்பவராயினும், சமஷ்டி நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்றது அச்சட்டம். விடுதலைப் போரின் பிள்ளை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்துவிட்டது, எழுந்து நடக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1915இல், அட்லாண்டா நகரத் தொழிற்சாலை ஒன்றின் மேற்பார்வையாளரான லியோ ஃபிராங்க் என்ற யூதர், வெறிகொண்ட கும்பல் நீதிமன்றத்தைச் சூழ்ந்து நிற்கத் தமக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது என்று முறையிட்டார். மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் பார்த்தாயிற்று, அது போதும் என்று உயர் நீதிமன்றம் கையை விரித்தது. ஆளுநர் தண்டனையை ஆயுட் சிறையாகக் குறைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து கடத்திச் சென்று மரத்திலே தூக்கிலிட்டது.

எட்டு ஆண்டுகளின் பின் நிலைமை மாறியது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் நின்றது ஒரு விவசாயிகள் போராட்டம் என்பதை நம் மாணவர் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. 1919இல் ஆர்க்கன்சோ மாநிலத்தின் எலேன் பகுதியிற் பருத்தி விளைவித்த கறுப்பின வாரக் குடியானவர்கள், தம் விளைச்சலுக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் அமைத்தார்கள். அவர்களுடைய கூட்டத்தின்மீது துப்பாக்கி வேட்டுகள் பாய்ந்தன. அதனைத் தொடர்ந்த படுகொலையில் எண்ணற்ற கறுப்பின மக்கள் மடிந்தார்கள். வழக்குக்கு இழுக்கப்பட்டவர்களோ உயிர் தப்பிய குடியானவர்கள். விசாரணை முக்கால் மணி நேரம் நடந்தது. யூரிமார் ஐந்து நிமிடத்துக்குள்ளாகவே தீர்ப்புச் சொன்னார்கள். பன்னிருவருக்கு மரணதண்டனை. 1923இல் 'மூர் எதிர் டெம்ப்சி' வழக்கில் நீதியரசர் ஹோம்ஸ், கும்பலின் ஆதிக்கத்தில் நடந்த விசாரணை விசாரணையே அன்று என்றும், சமஷ்டி நீதிபதி உண்மையைத் தாமே ஆராய வேண்டும் என்றும் தீர்ப்பெழுதினார். 1867இல் எழுதப்பட்ட சொல்லுக்கு அன்றுதான் உயிர் வந்தது.

இனி, பாலியல் வன்முறைக் குற்றத்துக்கு வருவோம். அமெரிக்கத் தெற்கின் நீதி எந்தக் கைகளில் இருந்தது என்பதை இக்குற்றத்தைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை. 1930 முதல் இக்குற்றத்துக்காக அமெரிக்காவிற் கொல்லப்பட்டோர் 455 பேர். அவர்களுள் 405 பேர் கறுப்பினத்தவர். 1931இல் அலபாமாவில் ஓடும் புகைவண்டியிலிருந்து பிடிக்கப்பட்ட ஸ்கொட்ஸ்பரோ இளைஞர் ஒன்பதின்மரின் கதையை உலகமே அறியும். பொதுவுடைமையாளரின் சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு அவ்வழக்கைத் தெருக்களுக்குக் கொண்டுவந்தபடியாற்றான் அவர்கள் மரணத்திலிருந்து தப்பினார்கள்.

ஸ்கொட்ஸ்பரோவின் புகழ் எல்லா வழக்குக்கும் வாய்ப்பதில்லை. 1950இல் வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலம் நகரில், வெள்ளையினப் பெண்ணொருத்தியை வன்முறைக்கு ஆளாக்கியதாகக் கிளைட் பிரவுண் என்ற எழுத்தறிவற்ற கறுப்பினத்தவர் கைது செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்படாமலே ஐந்து நாள் அடைத்து வைக்கப்பட்டார். முதல் விசாரணைக்கு அவர் கொண்டுவரப்பட்டது பதினெட்டு நாட்களின் பின்னரே. அதற்கிடையிற் பெறப்பட்ட வாக்குமூலமே அவருக்கு எதிரான சாட்சியமாயிற்று. யூரிமார் தெரிவு செய்யப்பட்ட பட்டியலோ வரி செலுத்துவோர் பட்டியல். அந்த மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவராயிருக்க, வரிப்பட்டியலில் அவர்கள் 16 சதவீதமே. சொத்தில்லாதவனுக்கு வரியில்லை, வரியில்லாதவனுக்கு யூரி ஆசனமில்லை. வறுமையைச் சல்லடையாக்கி இனத்தைச் சலித்தெடுக்கும் இந்த ஏற்பாட்டைக் குற்றம் என்று நீதிமன்றம் கொள்ளவில்லை. இதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ராலி ஸ்பெல்லர் என்பவரின் வழக்கில், யூரிப் பெட்டியினுள் இட்ட சீட்டுகளிற் கறுப்பினத்தவர் பெயரருகே சிறு புள்ளி குறிக்கப்பட்டிருந்தது. அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

இவ்விரு வழக்குகளும், நாம் முதலிற் குறிப்பிட்ட டானியல்ஸ் வழக்கும் ஒன்றாகவே 1953 பெப்ரவரியில் 'பிரவுண் எதிர் அலன்' என்ற பெயரில் தீர்க்கப்பட்டன. வரலாற்றின் கேலியை இங்கே பாருங்கள்! மாநில நீதிமன்றம் ஒரு யாப்புரிமைப் பிரச்சினையை ஏற்கெனவே தீர்த்துவிட்டபோதிலும், சமஷ்டி நீதிபதி அதை மீண்டும் தாமே ஆராயலாம் என்ற பெருங்கொள்கையை நிலைநாட்டிய தீர்ப்பு இதுவே. கொள்கை வென்றது, அதைக் கேட்டு நின்ற மனிதர்கள் தோற்றார்கள். பிரவுணும் ஸ்பெல்லரும் அவ்வாண்டு மே மாதத்திற் கொல்லப்பட்டார்கள். நீதியரசர் ரொபர்ட் ஜாக்சன் அவ்வழக்கில் ஓர் உண்மையைத் தயக்கமின்றிச் சொன்னார்: தாங்கள் தவறாதவர்கள் ஆகையால் இறுதித் தீர்ப்பு வழங்குவதில்லை, இறுதித் தீர்ப்பு வழங்குவதாலேயே தவறாதவர்களாகிறார்கள் என்பது அவர் கூற்றின் சாரம்.

இந்த மனிதர்களுக்காக வாதாடும்போது, வன்முறைக்கு ஆளான பெண்ணை நாம் மறந்துவிடுகிறோமா என்று நண்பர் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடையாக இன்னொரு பெண்ணின் பெயரைச் சொல்வோம். 1944 செப்டெம்பரில் அலபாமாவின் அபெவில் என்ற ஊரில், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிய ரேசி டெய்லர் என்ற கறுப்பினத் தாயைத் துப்பாக்கி முனையில் வெள்ளையர் கூட்டமொன்று வாகனத்திற் கடத்திச் சென்று சீரழித்தது. ஆட்கடத்தலும் பாலியல் வன்முறையும் அங்கே ஒருசேர நிகழ்ந்தன. ரோசா பார்க்ஸ் அம்மையார் நேரிற் சென்று விவரம் திரட்டினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இரண்டு முறை கூடிய வெள்ளையினப் பெருயூரிகள் எவர்மீதும் குற்றஞ்சாட்ட மறுத்தன. அலபாமா சட்டசபை மன்னிப்புக் கோரியது 2011இல். பெண்ணின் மானத்தைக் காப்பதற்காகவே அந்தச் சட்டம் கொலைக்களம் வரை சென்றது என்றால், ரேசி டெய்லரின் வாசலிலே அது ஏன் நின்றுவிட்டது? பிரவுணைக் கொன்ற சட்டமும் டெய்லரைக் கைவிட்ட சட்டமும் ஒன்றே. இரண்டு வழக்கிலும் யூரி ஆசனத்துக்கு ஆளைத் தெரிந்தவர்கள் ஒரே வகுப்பினர்.

1963இல், குடியுரிமைப் போராட்டம் உச்சமடைந்த வேளையில், 'ஃபே எதிர் நோயா' தீர்ப்பு டானியல்ஸ் வழக்கின் கொடுமையைக் களைந்தது. வேண்டுமென்றே மாநில வழியைப் புறக்கணித்தவனன்றி மற்றையோர்க்குச் சமஷ்டி வாயில் அடைபடாது என்றது. காலம் மாறியது, நீதிபதிகளும் மாறினார்கள். 1977இல் 'வெயின்ரைட் எதிர் சைக்ஸ்' அவ்வாயிலை மீண்டும் ஒடுக்கியது. 1991இல் 'கோல்மன் எதிர் தொம்சன்' வழக்கில், பாலியல் வன்முறைக்கும் கொலைக்குமாக வர்ஜினியாவில் மரணதண்டனை பெற்றவரின் சட்டத்தரணிகள் மூன்று நாள் பிந்தினார்கள். அவர்களுடைய தவற்றைக் கட்சிக்காரரே சுமக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு அவர் கொல்லப்பட்டார். 2006இல் நடந்த மரபணுச் சோதனை அவரே குற்றவாளி என்பதை உறுதிசெய்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. குற்றவாளியும் மூன்று நாளைக் காரணம் காட்டிச் சாகடிக்கப்படலாகாது. ஏனெனில் அதே மூன்று நாள் நாளை நிரபராதி ஒருவனையும் சாகடிக்கும். உண்மையைச் சொல்ல வேண்டியது சாட்சியம், நாட்காட்டியன்று.

1995இல் ஒக்லகோமா நகரில் 168 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்பின் அச்சச் சூழலில், 1996 ஏப்ரலில் ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம் எழுத்தாணையின் குரல்வளையை நெரித்தது. மனுவுக்கு ஓராண்டு எல்லை வைக்கப்பட்டது. மாநிலத் தீர்ப்புத் தவறு என்றால் மட்டும் போதாது, நியாயமற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. நியாய புத்தியுள்ள எந்த நீதிபதியும் ஏற்கமுடியாத அளவுக்குத் தவறாக இருக்க வேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் அதற்கு வியாக்கியானம் செய்தது.

இந்த அளவுகோல் எப்பக்கமும் வெட்டும் வாள். 2013இல் 'நெவாடா எதிர் ஜாக்சன்' வழக்கில், பாலியல் வன்முறை முதலான பாரிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர், முறையிட்ட பெண் முன்னரும் பொய்யாக முறையிட்டவள் என்று காட்ட வெளிச் சாட்சிகளை அனுமதிக்கவில்லை எனக் குறை கூறினார். முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்காமல் ஒரு பெண்ணின் கடந்த காலத்தை மன்றிலே கிளறலாகாது என்பது அம்மாநிலத்தின் விதி. தண்டனையை உயர் நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அந்த விதியின் நோக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. வன்முறைக்கு ஆளானவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கொடுமையை அது தடுக்கிறது. ஆனால் விதி நல்லதா என்று ஆராய்ந்து தீர்ப்பது ஒன்று. ஆராயாமலே வாயிலைச் சாத்துவது வேறொன்று.

வாயிலைச் சாத்துவதன் முடிவை 2022இல் வந்த 'ஷின் எதிர் ராமிரெஸ்' தீர்ப்புக் காட்டியது. நான்கு வயதுக் குழந்தையைக் கொன்றதாகவும் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகவும் 1995இல் அரிசோனாவில் தண்டிக்கப்பட்ட பாரி ஜோன்ஸ் என்பவரின் சட்டத்தரணி, வைத்தியச் சான்றுகளைச் சரியாக ஆராயவில்லை என்று 2018இல் சமஷ்டி நீதிபதியொருவர் கண்டறிந்தார். அந்தச் சான்றுகளைப் பார்க்கவே சமஷ்டி நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றத்தின் ஆறு நீதியரசர்கள் தீர்த்தார்கள், மூவர் மறுத்தார்கள். மறு ஆண்டே மாநில அரசு அப்பழைய தீர்ப்பைக் கைவிட இணங்கியது. குழந்தைக்கு வைத்திய உதவி தேடாத குறைந்த பொறுப்பை ஏற்று, மரணக் கூடத்தில் கழிந்த ஏறத்தாழ மூன்று தசாப்தங்களின் பின் அவர் வெளியே வந்தார். அவரை விடுவித்தது எழுத்தாணையன்று. வழக்குத் தொடுநரின் மனமாற்றமே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை ஒன்று உண்டு. எழுத்தாணை தானாக எவரையும் விடுவித்ததில்லை. 1867இல் அதன் பின்னே அடிமை ஒழிப்புப் போர் நின்றது. 1923இற் குடியானவர் சங்கம் நின்றது. 1963இற் குடியுரிமை ஊர்வலங்கள் நின்றன. மக்கள் பின்வாங்கிய ஒவ்வொரு தருணத்திலும் வாயில் ஒடுங்கியிருக்கிறது. காரணங்காட்டாமல் மனிதரை அடைத்து வைக்கும் சட்டங்களை இந்நாட்டிலும் கண்டு அனுபவித்த நமக்கு இது தூரதேசத்துச் செய்தியன்று. 'இம்மனிதனை எந்த அதிகாரத்தால் அடைத்து வைத்திருக்கிறாய்?' என்ற அந்தப் பழைய கேள்வியை வகுப்பறையிலே மாணவர் கற்கட்டும். கற்ற கேள்வியை வெளியிலே கேட்கவும் அவர்கள் துணியட்டும்.